முத்திரையும் மரியாதையும்

ஐக்கிய அமெரிக்காவிலே கலியாணத்துக்கு நாள் குறித்தவர்களுட் பலர், அழைப்பிதழின் கடதாசியையும் எழுத்தையும் மையையும் தெரிவு செய்வதோடு அமைவதில்லை. அதனைச் சுமந்து செல்லும் உறையின் மூலையில் எந்த முத்திரையை ஒட்டுவது என்பதனையும் நாட்கணக்கில் ஆராய்கிறார்கள். பூவா, பறவையா, இருதயமா, பழைய நிலக்காட்சியா? உறையின் நிறத்தோடு முத்திரையின் நிறம் இசையுமா? ஒரு முத்திரை போதுமா, அன்றி ஐந்தாறு பழைய முத்திரைகளை அடுக்கி ஒட்டினால் எடுப்பாயிருக்குமா? தேசியக் கொடி பொறித்த சாதாரண முத்திரையை ஒட்டினால், அழைப்பிதழ் கடன் கேட்டு வரும் கடிதம்போலத் தோன்றிவிடாதா? கேள்விகள் இவ்வாறு நீள்கின்றன.

இதனைக் கேள்வியுறும் முற்போக்கு நண்பர் ஒருவர் புன்முறுவல் செய்யக்கூடும். உண்ண உணவற்றோர் கோடிக்கணக்கில் வாழும் உலகில் முத்திரையின் நிறத்தைப்பற்றிக் கவலைப்படுவது நடுத்தர வர்க்கத்தின் வீண் பொழுதுபோக்கு என்று அவர் தீர்ப்புக் கூறிவிடுவார். மறுபுறத்தில், "என் கலியாணம், என் காசு; விரும்பியதை ஒட்டுகிறேன்; இதில் ஒழுக்கத்துக்கு என்ன வேலை?" என்று கேட்பாரும் உளர். முன்னவர் அழகு வேட்கையைக் குற்றமாக்குகிறார். பின்னவர் அதனை எவரும் கேள்வி கேட்கக்கூடாத தனியுரிமையாக்குகிறார். எதிரெதிராய் நிற்பவர்கள்போலத் தோன்றினும் இருவரும் ஒரு கருத்தில் உடன்படுகிறார்கள். அலங்காரம் என்பது தனிமனிதனின் சொந்த விவகாரம் என்பதே அக்கருத்து. அது சரிதானா? முத்திரை என்னும் பொருள் எவ்வாறு தோன்றிற்று என்பதை நோக்கினால் இக்கேள்விக்கு விடை தெளியும்.

1840ஆம் ஆண்டுக்கு முன்னர் இங்கிலாந்தில் கடிதத்துக்குரிய கட்டணத்தைப் பெரும்பாலும் அதனைப் பெறுபவரே செலுத்தி வந்தனர். தூரத்துக்கும் தாள்களின் எண்ணிக்கைக்கும் ஏற்பக் கட்டணம் ஏறிற்று. நெடுந்தூரத்திலிருந்து வரும் கடிதமொன்று கூலியாளன் ஒருவனின் ஒரு நாட் கூலியையே விழுங்கிவிடக் கூடியதாயிருந்தது. தபாற் சீர்திருத்தத்தின் தந்தையெனப்படும் றோலன்ட் ஹில் எடுத்துரைத்த ஒரு கதை உண்டு. கவிஞர் கோல்றிட்ஜ் ஏரிப் பிரதேசத்தில் நடந்து செல்கையில், குடிசை வாசலில் நின்ற பெண்ணொருத்தி தனக்கு வந்த கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கட்டணம் செலுத்த வழியில்லையென்று தபாற்காரனிடமே அதை நீட்டினாளாம். இரக்கமுற்ற கவிஞர் ஒரு சிலிங்கைக் கொடுத்துக் கடிதத்தைப் பெற்றுக் கொடுத்தார். தபாற்காரன் அகன்றதும் அவள் தாளைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே ஓர் எழுத்தேனும் இல்லை! வெற்றுத் தாள் வந்தால் தமையன் நலமாயிருக்கிறான் என்று பொருள். அவர்களுக்கிடையே அப்படியோர் ஏற்பாடு. வறுமை அன்பை ஊமையாக்கியபோது, ஏழைகள் ஊமைமொழியிலேயே பேசக் கற்றுக்கொண்டார்கள் என்பதற்கு இக்கதை சான்று.

ஹில் 1837ஆம் ஆண்டு தமது சீர்திருத்தத் திட்டத்தை வெளியிட்டார். 1840 ஜனவரி 10ஆம் நாள் முதல் அரை அவுன்ஸ் நிறையுள்ள கடிதம் நாட்டின் எந்த மூலைக்கும் ஒரு பெனிக்குச் சென்றது. மே 6ஆம் நாள் முதல், கட்டணம் முன்னரே செலுத்தப்பட்டது என்பதற்கு அடையாளமாக விக்டோரியா இராணியின் முகம் பொறித்த கறுப்பு முத்திரை செல்லுபடியாயிற்று. பிரபுக்களும் பாராளுமன்ற உறுப்பினரும் இலவசமாகக் கடிதம் அனுப்பிய சலுகை அவ்வாண்டிலேயே ஒழிந்தது. ஆகவே முத்திரை இரு கொள்கைகளைச் சுமந்து பிறந்தது. விலை எல்லோருக்கும் ஒன்று என்பது முதலாவது. பேச விரும்புகிறவனே செலவையும் ஏற்கவேண்டும், கேட்பவன்மீது அதனைச் சுமத்தலாகாது என்பது இரண்டாவது. முன்னது சமத்துவம், பின்னது மரியாதை. கலியாண உறையின் முத்திரையை அளப்பதற்கு நமக்கு வேறு அளவுகோல் வேண்டியதில்லை.

அமெரிக்காவின் முதலாவது பொது முத்திரைகள் 1847ஆம் ஆண்டில் வெளிவந்தன. பிராங்கிளினும் வாஷிங்டனும் அவற்றில் இடம்பெற்றனர். ஆயினும் அந்நாட்டில் தபாலின் சமத்துவம் யாருக்கு உரியதாயிருந்தது? 1802ஆம் ஆண்டிலே தபால் மாஅதிபர் கிடியன் கிறேஞ்சர், அடிமைகளிடம் கடிதப்பையை ஒப்படைத்தால் அவர்கள் ஊர் ஊராகச் சென்று உலகறிவு பெற்றுத் தமக்குள் தொடர்பு கொண்டுவிடுவர் என்று அஞ்சி எழுதினார். அவ்வாண்டே, சுதந்திரமுள்ள வெள்ளையர் தவிர வேறெவரும் தபால் சுமக்கலாகாது என்று சட்டம் இயற்றப்பட்டது. உள்நாட்டுப் போர் முடியுந் தறுவாயில், 1865ஆம் ஆண்டிலேதான் அச்சட்டம் நீங்கிற்று. அதே காலத்தில் தென் மாநிலங்களின் அடிமைகளுக்குச் சட்டம் ஏற்றுக்கொள்ளும் திருமணமும் இருக்கவில்லை. கணவனையும் மனைவியையும் பிரித்து விற்க எசமானனுக்கு உரிமை இருந்தது. கலியாணம் செய்யவும் அதனைக் கடிதத்தால் ஊரறிய அறிவிக்கவும் உள்ள உரிமையை ஒரு மக்கட் கூட்டம் போராடியே பெறவேண்டியிருந்தது. அம்மக்களுள் ஒருவரான புக்கர் டி. வாஷிங்டனின் முகம் முத்திரையில் இடம்பெற 1940ஆம் ஆண்டு வரையும், அடிமைத்தளையிலிருந்து தப்பிப் பின் பலரையும் மீட்ட ஹறியற் ரப்மனின் முகம் இடம்பெற 1978ஆம் ஆண்டு வரையும் காத்திருக்க நேர்ந்தது. முத்திரையைத் தெரிவு செய்யும் மணமக்கள் நிறத்தையும் பூவையும் மட்டும் நோக்கும்போது இந்த வரலாறு அவர்கள் கண்ணிற் படுவதில்லை.

அலங்கார முத்திரை வேறொரு வாயிலால் நுழைந்தது. கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த நானூறாவது ஆண்டு நிறைவையொட்டி 1893ஆம் ஆண்டில் ஒரு சதம் முதல் ஐந்து டொலர் வரை பதினாறு முத்திரைகள் வெளியிடப்பட்டன. அத்திட்டத்துக்கு வழிவகுத்த தபால் மாஅதிபர் ஜோன் வனமேக்கர், பெரும் பல்பொருள் அங்காடியொன்றின் அதிபர். அழகிய முத்திரையை மக்கள் வாங்கிச் சேர்த்து வைப்பார்கள், ஒட்டப்படாத முத்திரைக்காகத் தபாற் பகுதி ஒரு கடிதத்தையும் சுமக்கவேண்டியதில்லை, எனவே அது முழு இலாபம் என்று அந்த வியாபாரியின் மூளை கணக்கிட்டது. அழகு அரசாங்கத்தின் தயவால் உறைமீது இறங்கி வரவில்லை. விற்பனைத் தந்திரமாகவே வந்தது. எனினும் ஒன்றின் பிறப்பிடத்தைக் கொண்டே அதன் பயன் முழுவதையும் தீர்மானித்துவிடல் இயலாது.

இன்று கலியாண உறைகளில் ஒட்டப்படும் 'அன்பு' முத்திரை வரிசை 1973 ஜனவரி 26ஆம் நாள் பிலடெல்பியாவில் வெளியிடப்பட்ட எட்டுச் சத முத்திரையிலிருந்து தொடங்குகிறது. 'லவ்' என்னும் சொல்லின் நான்கு ஆங்கில எழுத்துக்களையும் இரண்டிரண்டாக அடுக்கி, அவற்றுள் வட்ட எழுத்தைச் சற்றே சாய்த்து ஓவியர் றொபேட் இந்தியானா அமைத்த வடிவம் அது. நியூயோர்க்கின் நவீன கலைக்கூடம் 1965ஆம் ஆண்டு வெளியிட்ட நத்தார் வாழ்த்துமடலில் அவ்வடிவம் முன்னரே பெயர் பெற்றிருந்தது. முத்திரை முப்பது கோடிக்கு மேல் அச்சாயிற்று. ஓவியருக்குக் கிடைத்த கூலியோ ஆயிரம் டொலர். அன்பு என்னும் சொல்லுக்கு உரிமைப் பத்திரம் ஏது? அவ்வடிவம் கோப்பைகளிலும் சட்டைகளிலும் அவருடைய அனுமதியின்றியே பெருகிற்று.

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியான இரு முத்திரைகள் இன்னும் நேராகக் கலியாணத்துக்கென்றே வரையப்பட்டவை. கணையாழிகளின் படமுள்ளது நாற்பத்து நான்கு சதம். கலியாணக் கேக்கின் படமுள்ளது அறுபத்தொரு சதம். ஏன் இந்த இரட்டை? அமெரிக்க அழைப்பிதழ் பல மடல்களும் உள்ளுறையும் சேர்ந்து கனத்திருப்பதால் ஓர் அவுன்ஸைத் தாண்டிவிடும். அதற்கு இரண்டு அவுன்ஸ் கட்டணம். அதன் உள்ளே வைக்கப்படும் பதில் உறைக்கு ஓர் அவுன்ஸ் கட்டணம். வெளியே கேக், உள்ளே கணையாழி. இந்த உள்முத்திரையைப்பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

அழகுபற்றிய பழைய சர்ச்சையொன்றை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். சமதர்மவாதியான வில்லியம் மொறிஸ், கலை எல்லோருக்கும் உரியதாக வேண்டுமென்று வாழ்நாள் முழுதும் வாதாடினார். ஆனால் அவருடைய பட்டறையில் கைவண்ணத்தோடு உருவான சுவர்க்கடதாசியையும் துணியையும் செல்வர்களாலேயே வாங்க முடிந்தது. நல்ல உழைப்புக்கு நல்ல கூலி கொடுத்தால் பொருளின் விலை ஏறும். விலை ஏறினால் ஏழைக்கு எட்டாது. இம்முரண்பாடு அவரை வருத்திற்று. அமெரிக்க அறிஞர் தோஸ்டீன் வெப்ளன் 1899ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதன் மறுபக்கத்தைக் காட்டினார். ஓய்வு வர்க்கத்தார் ஒரு பொருளை விரும்புவது அதன் அழகுக்காக மட்டுமன்று, அதற்குப் பிறரால் கொடுக்க முடியாத விலையைத் தம்மாற் கொடுக்க முடிகிறது என்று காட்டுவதற்காகவும் ஆகும் என்பது அவர் கண்ட உண்மை.

இவ்விருவர் சிந்தனையும் சந்திக்கும் இடத்தில் முத்திரை ஒரு விநோதப் பொருளாக நிற்கிறது. சிறந்த ஓவியர் வரைந்த பூ முத்திரைக்கும் கொடி முத்திரைக்கும் விலை ஒன்றே. கோடீசுவரனின் மகளும் உணவுச்சாலைப் பரிசாரகியும் ஒரே தபாற்கந்தோரில் ஒரே விலைக்கு அதே ஓவியத்தை வாங்கலாம். மொறிஸ் விரும்பிய பொதுமை, சிறு அளவிலேனும், இங்கே நிறைவேறியிருக்கிறது. வெப்ளன் இகழ்ந்த பகட்டுக்கு இங்கே இடமில்லை. பிறரால் வாங்க முடியாதது என்று பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை. ஆகவே சாதாரண விலையில் அழகான முத்திரையைத் தேடும் மணப்பெண்ணை நம் முற்போக்கு நண்பர் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. மண்டபத்துக்கும் ஆடைக்கும் செலவிட முடியாதவளுக்கும் ஓர் அங்குல அழகு அங்கே கிடைக்கிறது. அழகை ஆள்வோருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அழகின்மையைத் தொழிலாளி வர்க்கத்தின் பண்பாக்குவது முற்போக்காகாது.

ஆனால் சந்தை இந்தச் சமத்துவத்தை அப்படியே விட்டுவைக்குமா? 1861ஆம் ஆண்டின் பின் வெளியான அமெரிக்க முத்திரைகள், பயன்படுத்தப்படாதவையாயின், இன்றும் செல்லுபடியாகும். இதனால் பழைய மூன்று சத, ஐந்து சத முத்திரைகளை நிறம் பொருத்தித் தொகுத்து, முகப்பு விலையினும் கூடிய விலைக்குக் கலியாண வீட்டாருக்கு விற்கும் வணிகம் தோன்றியிருக்கிறது. எல்லோர்க்கும் ஒரே விலை என்ற பொருளில் ஓர் ஏணி சாத்தப்பட்டுவிட்டது. தம் சொந்தப் புகைப்படத்தையே கட்டணச் சீட்டாக அச்சிடுவிக்கும் வசதி 2004ஆம் ஆண்டில் அறிமுகமாயிற்று. அதற்கும் முகப்பு விலையினும் கூடிய விலை கொடுக்கவேண்டியிருந்தது. தபாற் பகுதி 2020ஆம் ஆண்டில் அவ்வசதியை நிறுத்திவிட்டது. 1860ஆம் ஆண்டில், கனடாவின் நியூ பிறன்ஸ்விக் மாகாணம் தனிக் குடியேற்ற நாடாயிருந்தபோது, அதன் தபால் மாஅதிபர் சாள்ஸ் கொனெல் ஐந்து சத முத்திரையில் தம் முகத்தையே பொறித்துவிட, எழுந்த கண்டனத்தால் பதவி துறக்க நேர்ந்தது. பொதுப்பொருளில் தன்முகம் பொறிப்பது அன்று வெட்கக்கேடாகக் கருதப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின் அது விலைக்குக் கிடைத்தது. காதலர் தம் படத்தைப் பார்த்து மகிழ்வதில் தவறில்லை. அதற்கு அழைப்பிதழில் இடம் உண்டு. முத்திரையோ ஊர்ப் பொதுக் கிணறு போன்றது. அதன் கட்டில் தன் பெயரைப் பொறிக்க விரும்புபவன் ஊரார் தாகத்தை மறந்துவிடுகிறான்.

அலங்காரத்தின் செலவு காசாக மட்டும் இருப்பதில்லை. பிறருடைய கையுழைப்பாகவும் அது மாறுகிறது. சதுர உறையும் அரக்கு வைத்த உறையும் பொறியிற் செல்லா. அவற்றுக்கு மேலதிகக் கட்டணம் உண்டு. பொறி அடிக்கும் கறுப்புக் கோடுகள் முத்திரையைச் சிதைத்துவிடுமென்று, ஒவ்வோர் உறையிலும் கையாலேயே தபாற்குறி இடும்படி கேட்போரும் உளர். கந்தோரில் மேசைக்குப் பின்னே நிற்கும் ஊழியர் அதனைச் செய்து கொடுப்பதும் உண்டு, மறுப்பதும் உண்டு. உறையின் அழகைப் பார்க்கும் கண், அந்தக் கையையும் பார்க்கவேண்டாமா?

அந்தக் கைகளின் வரலாறு 'அன்பு' முத்திரைக்கு மிக அண்மையில் நிற்கிறது. 1970 மார்ச் 18ஆம் நாள் நியூயோர்க் தபாற்காரர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அரசாங்க ஊழியர் வேலைநிறுத்தம் செய்வது சட்டவிரோதம் என்று தெரிந்தே இறங்கினர். தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 6,176 டொலர். உச்சச் சம்பளமாகிய 8,442 டொலரை எட்ட இருபத்தோராண்டு உழைக்கவேண்டும். முழுநேரம் உழைத்தும் சிலர் வறியோருக்கான அரசாங்க உதவியைப் பெறத் தகுதியுடையோராயிருந்தனர் என்றால் நிலைமையை விளக்க வேறென்ன வேண்டும்? போராட்டம் நாடெங்கும் பரவி, ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஊழியரை ஈர்த்தது. ஜனாதிபதி நிக்சன் நியூயோர்க்கில் கடிதம் பிரிக்கப் படையினரை அனுப்பினார். கடிதம் பிரித்தல் யாருக்கும் எளிதென எண்ணியவர்கள் அது பயிற்சி வேண்டிய தொழில் என்பதை அப்போது அறிந்தனர். முடிவில் சம்பளம் உயர்ந்தது. கூட்டாகப் பேரம் பேசும் உரிமை கிடைத்தது. வேலைநிறுத்த உரிமை மட்டும் கிடைக்கவில்லை. மூன்றாண்டுகளுக்குள் அதே தபாற் பகுதி அன்பு என்னும் சொல்லை முத்திரையில் அச்சிட்டு விற்றது. அச்சொல்லை வீட்டு வாசலுக்குச் சுமந்தவர்கள், சிறிது காலத்துக்கு முன் படையினரை எதிர்கொண்ட அதே மனிதர்கள்தாம். மேலதிகக் கட்டணத்தை முணுமுணுக்காமற் செலுத்துவதும், கைவேலையைக் கட்டளையாக்காமல் வேண்டுகோளாக்குவதும், மறுத்தால் ஏற்றுக்கொள்வதும் அவர்களுக்கு நாம் செலுத்தும் குறைந்தபட்ச மரியாதை.

இனி உள்முத்திரைக்கு வருவோம். அமெரிக்க அழைப்பிதழுக்குள் பதில் மடலொன்றும், அழைத்தவரின் விலாசம் எழுதப்பட்டு முத்திரை ஒட்டப்பட்ட சிறு உறையொன்றும் வைக்கப்படுகின்றன. விருந்தினர் வருகிறேன் அல்லது வரவில்லை என்று குறித்துத் தபாற்பெட்டியில் இட்டால் போதும். பிரெஞ்சு அறிஞர் மார்சல் மொஸ் 1925ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், கொடையென்பது கொடுக்கவும் பெறவும் திருப்பிக் கொடுக்கவும் மனிதரைக் கட்டுப்படுத்தும் ஒரு கட்டு என்று விளக்கினார். அழைப்பும் அத்தகையதே. அதனைப் பெற்றவர் பரிசு வாங்கவேண்டும், ஆடை தேடவேண்டும், பயணம் செய்யவேண்டும், இயலாவிடின் மன்னிப்புக் கேட்கவேண்டும். இத்தனை சுமைகளுக்கிடையே, ஒரு சுமையையேனும் அழைப்பவர் தாமே ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம் அவ்வுள்முத்திரை. அதன் பொருளை இவ்வாறு விரிக்கலாம்: "நீங்கள் வரவேண்டுமென்று விரும்புகிறேன், ஆயினும் வரவில்லையென்று சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு, அதற்கான செலவும் என்னுடையது." கேட்பவன்மீது செலவைச் சுமத்தாதே என்ற ஹில்லின் கொள்கை இங்கே நட்பின் இலக்கணமாகிவிடுகிறது. உறைமேல் ஒட்டிய முத்திரையை வழியிற் கண்டோரெல்லாம் பார்க்கலாம். உள்முத்திரையை விருந்தினர் ஒருவரே காண்பார். முன்னதை நாட்கணக்கில் ஆராய்ந்துவிட்டுப் பின்னதை ஒட்டாமல் விடுபவர், பிறர் பார்வைக்காக அழகு தேடினாரேயன்றி விருந்தினருக்காகத் தேடவில்லை.

இதனை வாசிக்கும் நாம் அமெரிக்கரைப் பார்த்துச் சிரிக்கவோ வியக்கவோ உரிமையுடையோம். ஆனால் நம் வீட்டு வாசலையும் நோக்கவேண்டும். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் வீட்டுக்குச் சென்று நேரில் அழைப்பதே மரியாதை என்று கருதப்பட்டு வந்தது. அங்கே முத்திரையின் இடத்தில் அழைப்பவரின் நடை இருந்தது. அந்த நடை எல்லா வீடுகளிலும் ஒரே தூரம் உள்ளே சென்றதா? சில வீடுகளில் விறாந்தையில் அமர்ந்து அழைத்தார்கள். சில வீடுகளில் படலையடியில் நின்றபடியே செய்தி சொன்னார்கள். சிலரை விருந்துண்ண அழைத்தார்கள். சிலரைக் கலியாண வீட்டில் வேலை செய்ய அழைத்தார்கள். பழைய இங்கிலாந்துத் தபால்முறை மைல்களை எண்ணி விலை வைத்தது. நம்மவர் சாதியை எண்ணி நடையை அளந்தார்கள். இந்தக் கணக்கு இன்னும் முற்றாக மறைந்துவிட்டது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்?

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இப்பொழுது விடை கூறலாம். அலங்காரம் தனிமனிதனின் சொந்த விவகாரமன்று. ஒவ்வோர் அலங்காரத்துக்கும் விலை உண்டு. அவ்விலையை யாரோ ஒருவர் செலுத்துகிறார். அதனை யாரோ ஒருவர் சுமக்கிறார். அதனை ஏற்போரின் மனத்தில் அது மகிழ்ச்சியை உண்டாக்கும், அல்லது கடப்பாட்டை உண்டாக்கும். ஆதலின் அழகை நாடுவோரைத் தடுப்பதற்குப் பதிலாக, மூன்று கேள்விகளை அவர்கள் முன் வைப்போம். இந்த அழகு எல்லோருக்கும் எட்டும் விலையிலுள்ளதா? இதனைச் சுமக்கும் தொழிலாளியின் உழைப்பை மதித்தோமா? அழைக்கப்பட்டவருக்கு இது சுமையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா? இம்மூன்றுக்கும் நேர்மையாக விடை கூறக்கூடியவர் பூவையும் ஒட்டலாம், பறவையையும் ஒட்டலாம். தபாற்கந்தோர் யன்னலில் எல்லோரும் கொடுக்கும் அதே சதங்களைக் கொடுத்து அவர் வாங்கிய பூ, அதே விலைக்கு அடுத்து நிற்பவருக்கும் கிடைக்கும் என்பதாலேயே மேலும் அழகுடையதாகிறது.